ஓட்டோ பிட்டு வைத்த ரொட்டி

ஷார்ஜாவில் ஒரு தனியார் மருத்துவமனை, இரண்டாம் மாடி வராந்தா. சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. "இவருதான் ஒன்னோட பேஷண்ட்" என்று சொல்லிவிட்டு எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் லிஃப்டைப் பார்த்து நடந்துவிட்டார். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டைப் பைமேல் தைத்திருந்த கம்பெனி நம்பரை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அது இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. நான் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். நர்சிங் உதவியாளர் படிப்பு படித்துவிட்டு, ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றின் மூலமாக ஷார்ஜா வந்தவன். தூக்குவது, திருப்புவது, துடைப்பது, ஊட்டுவது, இதுதான் வேலை. ஊரில் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். என் கையில் இருந்த ஒருவருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

பக்கவாதம் வந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு, "சாப்பிடவே மாட்டேங்கிறாரே" என்று தவிக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நானும் அப்படித் தவித்தவன்.

பெரியவரின் பெயர் ஓட்டோ. ஜெர்மன்காரர், எண்பதை நெருங்கியவர். எங்கள் ரூமில் போய்ச் சொன்னதும் அன்றைக்கே அவர் 'ஆட்டோ தாத்தா' ஆகிவிட்டார். மகன் மார்ட்டின் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் என்ஜினீயர். தாய் இறந்த பிறகு தகப்பனைத் தன்னோடு அழைத்து வந்து வைத்திருந்தார். ஒருநாள் காலையில் ஓட்டோ சவரம் செய்துகொண்டிருந்தபோது கையிலிருந்து ரேஸர் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. ரேஸர் நழுவியதுதான் முதல் அறிகுறி.

மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. அதனால் வலது கையும் காலும் போயின. கூடவே அஃபேசியா (சொல்ல நினைத்த சொல் வாய்க்கு வராத நிலை) வந்தது. நாம் பேசுவது அவருக்குப் புரியும். திருப்பிச் சொல்லத்தான் முடியாது. ஜெர்மனில் சில சொற்கள், ஆங்கிலத்தில் சில சொற்கள், அவ்வளவுதான் மிஞ்சியிருந்தன.

டிஸ்பேஜியாவும் (விழுங்குவதில் தடுமாற்றம்) இருந்தது. இப்படிப்பட்டவர்களைப் படுக்க வைத்து ஊட்டவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் சாய்த்து, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளி கட்டிவிடும். ஓட்டோ இதையெல்லாம் நல்ல மாணவன்போலச் செய்தார். கூழிலிருந்து சூப்புக்கும், சூப்பிலிருந்து ஓரம் நீக்கி நனைத்த ரொட்டிக்கும் வந்துவிட்டார். விழுங்கும் பயிற்சி கொடுத்தவர்கள் திருப்தியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கும் பகல் ட்யூட்டி மார்ட்டின் வீட்டுக்கு மாறியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உடம்பு இளைக்க ஆரம்பித்தது.

ரொட்டித் துண்டை அவர்முன் வைத்தால், சூப்பில் நனைக்கும் முன்பே இடது கையால் தட்டோடு அழுத்திப் பிடித்து இரண்டாகப் பிட்டுவிடுவார். சரிபாதி. ஒரு கையால் செய்கிற காரியத்துக்கு அது மிகவும் சுத்தமான வேலை. இரண்டையும் தட்டின் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் "சாப்பிடுங்க சார்" என்பேன். அவர் சாப்பிட மாட்டார். ஒரு பாதியை என் பக்கம் தள்ளுவார்.

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளைக்காரர் மிச்சத்தைத் தின்னவா இத்தனை தூரம் வந்தேன் என்று தோன்றிவிட்டது. "நோ சார். எனக்குச் சாப்பாடு இருக்கு. ட்யூட்டி ஃபினிஷ், ஐ கோ கேம்ப்" என்றேன். அதைக் கேட்டதும் அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். எல்லாம் தெரியும் என்பது போன்ற ஆட்டல். அதன்பிறகு அன்று வாயே திறக்கவில்லை.

தினமும் இதே கதை. நான் 'கேம்ப்' என்று சொல்லாத நாள் உண்டா? வளைகுடாவில் எங்களைப் போன்றவர்களுக்குத் தங்குமிடம் என்றால் கேம்ப்தான். ஒருநாள் இரவு கேம்பில் என் பையைத் திறந்தால், டிஷ்யூ பேப்பரில் மடித்து அரை ரொட்டி. நான் குளியலறைக்குப் போன நேரம் பார்த்து வைத்திருக்கிறார். எங்கள் ரூமில் சமையல் பொறுப்பு சிவகங்கை பாண்டியுடையது. அவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆட்டோ தாத்தா ஒனக்குப் பார்சல் கட்டி விட்ருக்காரு பங்காளி. சாப்புடு, சாப்புடு" என்றான். ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் தட்டில் குறைவது என் பைக்கு வருகிறது என்பது நெஞ்சை உறுத்தியது. மறுநாளே மார்ட்டினிடமும் டாக்டரிடமும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நடுவயது, அதிகம் பேசாதவர். வீட்டுக்கே வந்து ஓட்டோவின் கைத்தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிப்பாக அப்படியே நின்றது. உடம்பில் நீர் குறைந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

"நீங்கள் பக்கத்திலை இருந்து பாக்கிறனீங்கள்தானே. விழுங்க ஏலாமல் விடுறாரோ, விருப்பமில்லாமல் விடுறாரோ?"

"விழுங்குறாரு மேடம். வாய்க்குள்ள போனா எறங்குது. போகத்தான் மாட்டேங்குது."

"அப்ப இன்னும் ஒரு கிழமை பாப்பம். இல்லையெண்டால் குழாய் போடத்தான் வேணும்."

கிழமை என்றால் அவர் பேச்சில் வாரம். குழாய் என்றால் பெக் (வயிற்றில் சிறு துளையிட்டு இரைப்பைக்குள் நேராக உணவு செலுத்தும் குழாய்). அது ஒன்றும் பயங்கரமில்லை, எத்தனையோ பேர் அதோடு நன்றாக இருக்கிறார்கள். ஆனால் மார்ட்டினுக்கு ஷிஃப்ட் வேலை. குழாய் வந்துவிட்டால் தன்னால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, ஜெர்மனியில் முதியோர் காப்பகம் ஒன்றில்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அதை ஓட்டோ கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை போய் மகனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது.

போக மனமில்லை. ஆனாலும் சாப்பிட மாட்டேன் என்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அன்று என் ட்யூட்டி முடிந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு, "மேடம், நான் கேம்புக்குக் கெளம்புறேன்" என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"எங்கை எண்டு சொன்னனீங்கள்?"

"கேம்புக்கு மேடம். எங்க ரூம் இருக்குற எடம்."

"எங்கடை ஊரிலை காம்ப் எண்டால் ஆமிக் காம்ப். பிடிச்சுக்கொண்டு போன ஆக்கள் இருக்கிற இடம். நான் இங்கை வந்த புதுசிலை, உங்கடை ஆக்கள் காம்ப்புக்குப் போறம் எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லேக்கை எனக்கு நெஞ்சு திக்கெண்டும்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று ஓட்டோவைப் பார்த்தார். அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிய தமிழில் அவருக்கு விளங்கிய சொல் அது ஒன்றுதான்.

டாக்டர் மார்ட்டினிடம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். "உங்கள் அப்பா போரில் இருந்தவரா? எங்காவது முகாமில் இருந்தாரா?"

இருந்தார் என்றார் மார்ட்டின். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

போர் முடியும் தறுவாயில், பத்தொன்பது வயதில், ஓட்டோ ரஷ்யப் படையிடம் பிடிபட்டிருக்கிறார். சரக்கு ரயிலில் அடைத்துக் கிழக்கே கொண்டுபோனார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. ஜெர்மன் படை இடித்துத் தள்ளிய ஊர்களைத் திரும்பக் கட்டுகிற வேலையும் இருந்தது. அந்த நாட்டு மக்களே அப்போது பட்டினி. கைதிகளுக்கு என்ன மிஞ்சும்? குளிரிலும் பசியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பட்டினியில் முதலில் உடம்பு இளைக்கும், பிறகு கால் வீங்கும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. வேலைக்கு உதவாத அளவு நொந்துபோனவர்களைத்தான் முதலில் ஊருக்கு அனுப்பினார்கள். ஓட்டோவுக்கு உடம்பு தாங்கியது. அதனாலேயே அவர் நான்கு வருஷம் இருக்க வேண்டியதாயிற்று.

"ரொட்டி?" என்று டாக்டர் கேட்டார்.

இருவருக்கு ஒரு ரொட்டி என்று கொடுப்பார்களாம். சண்டை வராமல் இருக்கக் கைதிகளே ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். அவர் எடுக்கும்வரை வெட்டியவர் தன் பங்கைத் தொடக்கூடாது. ஓட்டோவோடு ரொட்டி பங்கிட்டவர் இரண்டாவது பனிக்காலத்தில் இறந்துவிட்டார். மார்ட்டின் சிறுபிள்ளையாக இருந்தபோது, வீட்டில் கேக் வெட்டினால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாராம். அதை ஒரு விளையாட்டு என்றே பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. சட்டையில் நம்பர். ராத்திரியானால் கேம்ப். நான் எடுக்கட்டும் என்று மனுஷன் வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்.

பாவம் என்று தோன்றியது. அதைவிட ரோஷம் வந்தது. என்னைக் கைதி என்று நினைத்துவிட்டாரே. நான் கேட்டு வந்த வேலை இது. என்னை யாரும் பிடித்து வரவில்லை.

மறுநாள் மதியம் அவர் ரொட்டியைப் பிட்டு வைத்ததும், நான் இடப்பக்கத்துப் பாதியை எடுத்துச் சாப்பிட்டேன். எச்சிலுமில்லை, மிச்சமுமில்லை, அது என் பங்கு. நான் மென்று விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு அவர் தன் பாதியை சூப்பில் நனைத்தார். தட்டு காலியாயிற்று. எங்கள் ஊர்ப்பக்கம் கூட்டாளியைப் 'பங்காளி' என்று கூப்பிடுவோம். அந்தச் சொல்லுக்குப் பங்கு போடுகிறவன் என்று பொருள் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எடை இறங்குவது நின்றது. ஆனால் ஏறவில்லை. எதை வைத்தாலும் பாதிதான் அவருக்கு. கூடுதலாக வைத்தால் அதிலும் பாதி எனக்கு. "அரை வயிறு காணாது. இப்பிடியே போனால் குழாய்தான்" என்றார் டாக்டர்.

அவரிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "சார், ஐ நோ பிரிசனர். ஐ ஒர்க்." அவர் என் கன்னத்தைத் தட்டினார். ஒருநாள் ஒரே ஒரு சொல் கேட்டார். "பாஸ்?" பாஸ்போர்ட்டைக் கேட்கிறார். அது கம்பெனி ஆபீஸில் இருந்தது. எல்லோருடையதும் அங்கேதான் இருக்கும். சொன்னேன். அவர் பாதி வாயால் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தில்தான் அந்த யோசனை வந்தது. மார்ட்டினிடம் போய், "வெள்ளிக்கிழமை உங்க அப்பாவ எங்க கேம்புக்குக் கூட்டிட்டு வாங்க" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

டாக்டரிடமும் கேட்டுக்கொண்டோம். அவர் யோசித்துவிட்டு, "சாப்பாட்டை நல்லாக் குழைச்சுக் குடுங்கோ. காரம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எங்கள் கேம்ப். கார் நின்றதும் ஓட்டோ கேட்டைப் பார்த்தார். அது திறந்தே கிடந்தது. பகலில் அதை மூடி நான் பார்த்ததில்லை. வாட்ச்மேன் பாகிஸ்தான் பக்கத்துப் பட்டாணியர். நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், "ஆயியே சாச்சா" (வாங்க சித்தப்பா) என்று எழுந்து வழிவிட்டார். உள்ளே போனதும் ஓட்டோ கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். வெளியே தள்ளு என்று சைகை செய்தார். தள்ளினேன். யாரும் கேட்கவில்லை. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "சாச்சாவுக்கு என்ன ஆச்சு?" என்று ஹிந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை, செக்கிங் என்றேன்.

ரூமுக்குள் நுழைந்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. இரண்டடுக்குக் கட்டில்கள். ஒரே ஜன்னல். ஆணியில் தொங்கும் ஒரே நிறச் சீருடைகள். தினமும் பார்க்கிற ரூம்தான். அவர் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை நினைத்ததில்லை. அவர் என் கட்டிலின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். மேல் கட்டிலை அண்ணாந்து பார்த்தார். கெடுத்துவிட்டேனே, இனி அரை ரொட்டியும் போச்சு என்று நினைத்தேன்.

அதற்குள் பாண்டி தட்டை வைத்தான். ஓட்டோவுக்கென்று பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்த சோறு. எங்களுக்கு வெள்ளிக்கிழமைக் கறிக்குழம்பு. எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். ஓட்டோ ஸ்பூனால் தன் சோற்றின் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார். என்னைப் பார்த்தார். நான் என் தட்டைத் தூக்கிக் காட்டினேன். குவிந்திருந்தது. அவர் நம்பவில்லை. மற்றவர்கள் தட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் பாதியை மட்டும் சாப்பிட்டார்.

எல்லோரும் கை கழுவிவிட்டு வந்தோம். பாண்டி சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனான். ஓட்டோ கை நீட்டி அவனை நிறுத்தினார். சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் நாலைந்து பேர் சாப்பிடுகிற அளவுக்குச் சோறு இருந்தது. மார்ட்டினிடம் ஏதோ கேட்டார்.

"இது யாருக்கு என்று கேட்கிறார்" என்றார் மார்ட்டின்.

"யாருக்கும் இல்லைங்க" என்றான் பாண்டி. "மிச்சம். ராத்திரி எவனாச்சும் பசிச்சாத் திம்பான். இல்லன்னா தண்ணி ஊத்தி வைப்போம்."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, மார்ட்டின் ஜெர்மனில் சொன்னார். ஓட்டோ சட்டியைப் பார்த்தார், ரூமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்த நாளிலிருந்து கேட்காத சிரிப்பு. புரையேறிவிடப் போகிறது என்று தாடையைப் பிடித்துக்கொண்டேன். திறந்து கிடந்த கேட்டை நம்பாத மனுஷன், மிச்சச் சோற்றை நம்பினார். சிறைமுகாமில் சட்டியில் மிச்சம் இருந்து அவர் பார்த்ததே இல்லை.

சிரித்து முடித்துவிட்டு, எனக்கென்று ஒதுக்கியிருந்த பாதியையும் சாப்பிட்டார். பிறகு இடது கையால் தட்டைப் பாண்டியிடம் நீட்டினார். பாண்டி இன்னொரு கரண்டி வைத்தான். அன்று அந்த ரூமில் நின்ற எங்களைவிடப் பெருமைப்பட்டவர்கள் ஷார்ஜாவிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

அதன்பிறகு அவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டார். குழாய்ப் பேச்சு நின்றது. ஒருநாள் ரொட்டியைப் பிட்டார், என் பக்கம் பார்க்காமலே இரண்டு பாதியையும் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனாலும் எனக்கு என்னவோ போலிருந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிட மறுத்தால், முதலில் தொண்டையைப் பரிசோதியுங்கள், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அதோடு, முன்பெல்லாம் அவர் யாரோடு எப்படிச் சாப்பிட்டார் என்பதையும் விசாரியுங்கள். மூளையில் அடிபட்டவருக்கு நேற்று மறந்துபோகும். அறுபது வருஷத்துக்கு முந்தியது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

உடம்பு தேறியதும் நடைப்பயிற்சி தொடங்கியது. முழங்காலுக்குப் பட்டை, இடது கையில் நாலு கால் வைத்த தடி. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் நிற்பார். நான் விட்டால் உட்கார்ந்துவிடுவார். பலம் வந்துவிட்டது, பயம் போகவில்லை என்றார் பயிற்சியாளர்.

ஆடி மாதம் எனக்கு லீவு கிடைத்தது. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, ஏர்போர்ட் போகும் வழியில் வேனை நிறுத்தச் சொல்லி, அவர்கள் வில்லாவுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். மார்ட்டின் அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பாஸ்போர்ட்டைக் காட்டி, "சார், ஐ கோ ஹோம்" என்றேன்.

ஓட்டோ தடியை வாங்கி ஊன்றினார். இடது காலைப் பின்னுக்கு இழுத்துப் பதித்தார். நான் இடுப்பைப் பிடிக்க ஓடினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தானே எழுந்தார். நின்றார். பிறகு மகனிடம் பேசினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசியதால் நேரமாயிற்று. டிரைவர் "யல்லா பாய், யல்லா" என்று ஹாரன் அடித்தான்.

மார்ட்டின் எனக்குச் சொன்னார். "அங்கே முகாமில், ஊருக்குப் போகும் ரயிலுக்குப் பெயர் வாசிப்பார்களாம். போகிறவனை மற்றவர்கள் எழுந்து நின்று கைகொடுத்து அனுப்புவார்களாம். அப்பா ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லையாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாராம். இன்றைக்கு ஒருவனை நின்று அனுப்புகிறேன் என்கிறார்."

ஓட்டோவின் தோளைத் தொட்டுவிட்டு வேனில் ஏறினேன்.

வேன் நகர்ந்தது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உடம்பு கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, முழங்கால் நடுங்கியது, ஆனால் நின்றுகொண்டிருந்தார். நான் கையசைத்தால் அவரும் பதிலுக்கு அசைக்கத் தடியை விட்டுவிடுவார். அதனால் இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டு, வேன் திரும்பும்வரை அவரைப் பார்த்தபடியே இருந்தேன்.